அப்பாவைப் பற்றி எழுதினால் நினைவஞ்சலி போஸ்டர் மாதிரி வருகிறது, என்ன செய்யலாம்?

கோரையாற்றுப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். எழுதுவதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை, டாக்டர்கள் எழுதியதைப் படிப்பதுதான் பழக்கம். போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இருபத்திரண்டு நோட்டு இருந்தது. எல்லாம் கேஜ் நோட்டு.

அப்பா ஆற்றில் லஸ்கர். டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையில் உடைப்பு வராமல் பார்த்துக்கொள்வது, காலையும் மாலையும் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது, இதெல்லாம் அவர் வேலை. ஆபீசுக்குத் தனிக் கணக்கு உண்டு. இது அவர் தனக்காக எழுதி வைத்துக்கொண்டது. பக்கம் பக்கமாக 2.4, 2.4, 2.3 என்று எண்கள்தான். எங்கேயாவது ஓர் ஓரத்தில் "மழை" என்று இருக்கும். நான் பிறந்த தேதிக்குப் போய்ப் பார்த்தேன். 3.1 என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

அதைப் பார்த்ததும் அப்பாவைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போனிலேயே தட்டி, பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன். என் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குடி, ஆனா செவுத்துல ஒட்டுற கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கு" என்றாள். கோபம் வந்தது. ராத்திரி நானே படித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான்.

ஆரம்பம் இப்படி இருக்கிறது: "1955-ஆம் ஆண்டு ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது மகனாகப் பிறந்த என் தந்தை, சிறு வயது முதலே கடின உழைப்பும் நேர்மையும் நிறைந்தவராக விளங்கினார்." அப்புறம் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், நாங்கள் மூன்று பேர், ரிட்டயர்மெண்ட், சர்க்கரை நோய், மரணம் என்று வரிசையாகப் போகிறது. நடுவில் ஓரிடத்தில், "2012-இல் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது எங்கள் மாமாவுக்காக ஒரு நாள் இரவு ஷட்டரைத் திறந்துவிட்டார் என்று ஊரில் சிலர் பேசியதுண்டு; ஆயினும் அவர் என்றும் நேர்மை தவறாதவர்" என்று ஒரு வரி.

நான் கேட்க நினைப்பது இதுதான். ஒருத்தருடைய வாழ்க்கையை எழுத எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? "நான்", "என் அப்பா" என்று உள்ளபடியே எழுதுவதா, பெயரையெல்லாம் மாற்றிச் சிறுகதையாக எழுதுவதா? கதை என்றால் பொய் சேர்க்க வேண்டி வருமே, அது அப்பாவுக்குச் செய்யும் துரோகமா? சுத்தத் தமிழில் எழுதினால் அப்பா மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது, பேச்சுத் தமிழில் எழுதினால் எனக்கே படிக்க முடியவில்லை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

குடவாசல் வாத்தியார்:

அம்மா, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி.

உங்கள் முதல் வரியைப் படித்ததும் எனக்குத்தான் குற்ற உணர்ச்சி வந்தது. முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்து முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். "சிறு வயது முதலே", "விளங்கினார்", "என்றால் அது மிகையாகாது" இதெல்லாம் நாங்கள் போட்ட விதை. அந்த வடிவம் பரிட்சைத் தாளுக்கு உண்டானது. பேப்பர் திருத்துகிறவர் எண்பது கட்டு திருத்த வேண்டும், எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் அவருக்கு டிக் போட வசதி. கதை படிக்கிறவர் கையில் சிவப்புப் பேனா கிடையாது. அதனால் அதை மறந்துவிடுங்கள். நான் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு கிழவி இருந்தார், ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சாவு வீட்டில் கேட்டேன். செத்தவரை நல்லவர், வல்லவர் என்றெல்லாம் அவர் பாடவே இல்லை. நீ திருவாரூர்த் தேருக்குப் போய் வாங்கி வந்த கண்ணாடி வளையல் ஒன்று வழியிலேயே உடைந்துபோனது, மிச்சத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தாய், அந்த முடிச்சை இன்னும் நான் அவிழ்க்கவில்லை என்கிற மாதிரிப் போனது. சுற்றியிருந்த அத்தனை பேரும் அழுதார்கள். அந்த மனிதர் பெண்டாட்டியிடம் எப்படி இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒப்பாரியில் இறந்தவரை "நீ" என்று எதிரே உட்கார வைத்துப் பேசுவார்கள் பாருங்கள், அதுவும் ஒரு முறைதான். உங்களுக்கு ஒத்துவருமா என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

மொழி விஷயம். கதை சொல்கிற பகுதி இப்போது இங்கே எங்களுக்கு எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தமிழிலேயே இருக்கட்டும். அது நன்றாகவே இருக்கிறது. ஆள் வாய் திறக்கும்போது மட்டும் பேச்சு வழக்கு வரட்டும். அதிலும் உச்சரிப்பு முழுவதையும் எழுத்தில் பிடிக்கப் போக வேண்டாம், வாக்கியத்துக்கு ஒரு சொல்லில் ஊர் தெரிந்தால் போதும். "எங்கே செல்கிறாய்?" என்று எந்த லஸ்கரும் மகளைக் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் அப்பா பிறந்த தேதியில் ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லை.

டெக்_தஞ்சை:

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஏஐகிட்ட பாயிண்ட்ஸ் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல எழுதித் தரும்.

கோரையாற்றுப்பெண்:

கேட்டுப் பார்த்தேன் தம்பி. "என் அப்பா ஓர் ஆலமரம்" என்று ஆரம்பித்தது.

நாகை நிருபர்:

லோக்கல் பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபராகப் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவன். இப்போது எழுதுவது இல்லை, பைக் ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதையே என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. அன்று சாயங்காலமே நான் ஒரு கட்டுரை எழுதினேன். "லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன, விவசாயிகளின் வாழ்வாதாரம் கேள்விக்குறியானது." எல்லாரும் அதையே எழுதினார்கள். டெஸ்கில் இருந்தவர் போன் போட்டு, "இது எனக்கு சென்னையில உக்காந்தே தெரியும். நீ அங்க எதுக்கு இருக்கே?" என்றார். எரிச்சல்தான் வந்தது, ரெண்டு நாளாக நான் குளிக்கக்கூட இல்லை.

மறுநாள் பேராவூரணிப் பக்கம் போனேன். ஒருத்தர் விழுந்து கிடந்த மரங்களின் மேலேயே நடந்து நடந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு எத்தனை மரம் இருந்தது என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு எதற்கு எண்ணுகிறார்? நின்று பார்த்தேன். நூறு வரைக்கும் எண்ணிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். காலடியில் இளநீர் குவிந்து கிடந்தது, ஊரில் குடிதண்ணீர் இல்லை. ஒரு பையன் ஜெனரேட்டர் வைத்து போனுக்கு சார்ஜ் ஏற்றக் காசு வாங்கிக்கொண்டிருந்தான். இந்த மூன்றையும் அப்படியே எழுதினேன். "வாழ்வாதாரம்" என்ற சொல் அதில் வரவே இல்லை. என் பதினாறு வருஷத்தில் உருப்படியான ஒரே துண்டு அதுதான்.

இப்போது உங்கள் பன்னிரண்டு பக்கத்துக்கு வருகிறேன். கதை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். "ஊரில் சிலர் பேசியதுண்டு, ஆயினும்" என்று ஓர் அரைப்புள்ளி போட்டு ஓடிப் போயிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது. எழுபது வருஷத்தை எழுதாதீர்கள். அந்த ஒரு ராத்திரியை எழுதுங்கள். பிறந்தது, படித்தது, சர்க்கரை நோய் எல்லாம் அந்த ராத்திரிக்குள் தேவைப்பட்டால் தானாக வந்து உட்காரும். அவருக்கு ரிட்டயர்மெண்ட் எப்போது? 1955 என்றால் 2013-ல் ஐம்பத்தெட்டு. அப்படியானால் அந்த ராத்திரி மாட்டியிருந்தால் கடைசி நேரத்தில் வேலை, பென்ஷன் எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். தெரிந்தே போயிருக்கிறார். ஏன்? அந்த "ஏன்" படிக்கிறவனைக் கடைசி வரைக்கும் உட்கார வைக்கும். "நேர்மை தவறாதவர்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டால் நாங்கள் எதற்கு உட்கார வேண்டும்?

நானா, கதையா என்று கேட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது. வீட்டில் இருந்திருந்தால், "நான்" என்று எழுதும்போது வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும். ஷட்டர் மேல் நின்று அப்பா என்ன நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதினால் படிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்று எழுதலாம், அது ஒன்றும் குறை இல்லை. புனைவு என்றால் அப்பாவோடு சைக்கிள் கேரியரில் ஏறி ஷட்டர் வரைக்கும் போகலாம், அவர் தலைக்குள்ளும் போகலாம். அந்தச் சுதந்திரம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் கதை ஆகிவிடாது. உங்கள் வாய்க்கால் தலைப்பில் லஸ்கர் ஒருத்தர்தானே, மாரிமுத்து என்று போட்டாலும் ஊருக்குத் தெரியும். கதை என்றால் ஆளையே மாற்ற வேண்டும்: அவருக்கு மகள் இல்லை, மகன்; திறந்தது மாமாவுக்காக இல்லை, கடன் கொடுத்தவனுக்காக. அப்படி ஏதாவது ஒன்று அடியோடு நகர வேண்டும். மனிதர்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் தண்ணீரை மேட்டில் ஏற்றிவிடாதீர்கள். டெல்டாக்காரன் ஒருத்தன் படித்தால் சிரித்துவிட்டு மூடிவிடுவான்.

இன்னொன்று. அந்தத் தேதிக்கு அப்பாவின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? பார்த்தீர்களா?

கோரையாற்றுப்பெண்:

பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. சரியாகச் சொன்னால், தோன்றியது, பார்க்கவில்லை.

கடைமடை:

நான் இங்கே சும்மா படிக்க வருகிற ஆள். எழுத்தாளன் கிடையாது. முத்துப்பேட்டைப் பக்கம் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

2012-ல் மேட்டூரைத் திறந்ததே செப்டம்பர் 17. வழக்கமாக ஜூன் 12. குறுவை அதோடு போச்சு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள், அங்கிருந்து வெண்ணாறு, நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு, அப்புறம் கோரையாறு, அதில் எத்தனையோ ஷட்டர், எல்லாம் தாண்டி எங்களிடம் வரும்போது அதற்கு மூச்சு வாங்கும். சம்பாவுக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தோம். அந்த வருஷம் கரண்டும் கிடையாது, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கட். மோட்டார் வைத்திருந்தவனும் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு, மோட்டார் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆற்றுத் தண்ணீரை விட்டால் நாதி இல்லை.

மார்கழியில் கதிர் தொண்டையில் நிற்கிறது. அப்போது ஒரு தண்ணீர் கிடைத்தால் பிழைக்கும், இல்லையென்றால் பதர். முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை வரும் ராத்திரி, வாய்க்கால் கரையில் சாக்கை விரித்துப் படுத்திருந்தோம், பதினோரு பேர். விடியற்காலை தண்ணீர் வந்தது. கணுக்கால் நனையவில்லை. வரப்பைத் தாண்டி வயலுக்குள் ஏறவே இல்லை. "மேல எவனோ தொறந்துட்டான்" என்று ஒருத்தர் சொன்னார். கூட இருந்த பெரியவர் ஒருத்தர் ஒன்றும் சொல்லாமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரெண்டு நாள் கழித்து வயலில் மாட்டை விட்டு மேய்த்தார். நெல்லில் மாட்டை விடுவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த "எவனோ" உங்கள் அப்பாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. எத்தனையோ ஷட்டர். ஆனால் இருக்கலாம். உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் அப்பா மேல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. எழுதினால் கீழே கரையில் படுத்திருந்த எங்களையும் எங்கேயாவது ஓர் ஓரத்தில் வையுங்கள். மாமாவின் வயல் மட்டும் நனைந்து கதை முடிந்தால் அது பாதிக் கதைதான்.

நாகை நிருபர்:

கடைமடை அண்ணன் எழுதத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நான் அத்தனை பத்தியில் சொன்னதை ஒரு சாக்கில் சொல்லிவிட்டார்.

குடவாசல் வாத்தியார்:

"கணுக்கால் நனையவில்லை." எத்தனை கன அடி குறைந்தது என்று எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

கோரையாற்றுப்பெண்:

மூன்று நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். கடைமடை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு கை ஓடவில்லை. அண்ணா, உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. மாட்டை விட்டு மேய்த்த அந்தப் பெரியவரை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நோட்டைப் பார்த்தேன். தேதி எனக்கு நினைவிருக்கிறது, மறுநாள் எனக்கு அரையாண்டுப் பரிட்சை, இயற்பியல். முதல் நாள் மாலை 1.2. மறுநாள் காலையும் 1.2. திறந்திருந்தால் ஆற்றில் மட்டம் கொஞ்சமாவது இறங்கியிருக்கும்தானே? அந்தக் காலை 1.2-ஐ மட்டும் ஒரு தடவை எழுதி, அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு நோட்டில் அப்படி வேறு எங்கேயும் இல்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டேன்.

"நான்" என்றே எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன். ஆரம்பம் இப்படி எழுதியிருக்கிறேன், திட்டுவதானாலும் திட்டுங்கள்:

"கரண்ட் இல்லை. சார்ஜர் லைட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் படித்துக்கொண்டிருந்தவள், அப்படியே தூங்கிப்போயிருந்தேன். விழித்தபோது லைட் அணைந்திருந்தது. வாசலில் அப்பா குந்தி உட்கார்ந்து சைக்கிள் பெல்லைத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தார். கேரியரில் சாக்கில் சுற்றி எதையோ கட்டியிருந்தார். ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடிதான் அது, சாக்குக்குள் இருந்தாலும் அதன் வளைவு எனக்குத் தெரியும். சட்டைப் பையில் அம்மா தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில். ஷட்டர் திருகும்போது கிறீச்சென்று கத்தும், பகலில் எங்கள் வீட்டுக்கே கேட்கும். அப்பாவின் மனதில் குற்ற உணர்வு கொழுந்துவிட்டு எரிந்தது. 'எங்கப்பா போறீய?' என்றேன். 'படிச்சியா?' என்றார். 'படிச்சேன்.' 'அப்ப தூங்கு.' சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே போனார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் சத்தம் வந்தது. காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்காது. சருகு நகரும் சத்தம்தான் கேட்கும், யாரோ வெறுங்காலோடு மெதுவாக நடந்து வருவது மாதிரி."

நாகை நிருபர்:

இது எழுத்து.

ஒரே ஒரு வரியை எடுத்துவிடுங்கள். "குற்ற உணர்வு கொழுந்துவிட்டு எரிந்தது." அவர் மனதில் எரிந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டில் திண்ணையில் கிடக்கிற பதினேழு வயசுப் பெண் நீங்கள். பெல்லைத் துண்டால் சுற்றிய மனிதருக்கு என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிகிறது. "படிச்சியா?" என்று அவர் பேச்சை மாற்றியது அதைவிட நன்றாகச் சொல்கிறது. வசனம் என்றால் கேள்விக்கு நேர் பதில் வர வேண்டும் என்று இல்லை என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடித்துவிட்டீர்கள்.

கடைசி உவமையை வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு ரெண்டு மனசு. சருகு நகரும் சத்தத்தோடு நிறுத்தினாலே போதும் என்று தோன்றுகிறது. வாத்தியார் என்ன சொல்கிறார்?

குடவாசல் வாத்தியார்:

உவமை இருக்கட்டும். நல்ல உவமை. நிருபருக்கு எதையும் வெட்ட வேண்டும், பழக்க தோஷம்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. இப்போது சொல்லும் முப்பது வயசு நீங்களும், அன்று திண்ணையில் கிடந்த பதினேழு வயசு நீங்களும் வேறு வேறு ஆள். கடைமடையில் பதினோரு பேர் படுத்திருந்தது அன்று உங்களுக்குத் தெரியாது, இன்று தெரியும். அதனால் கடைமடைக்காரர் கேட்ட இடத்தை முப்பது வயசுக்காரிதான் சொல்ல வேண்டும், சின்னப் பெண் வாயில் அதைத் திணிக்காதீர்கள். பெண்ணை சருகுச் சத்தத்தோடு தூங்கவிடுங்கள். பிறகு ஒரு வரி இடைவெளி விட்டு, நோட்டோடு நீங்கள் வாருங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் பழைய கட்டுரைத் தமிழ் ஒளிந்துகொண்டிருக்கும்.

திருவையாற்று மருமகள்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எழுத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சமையல்கட்டு விஷயம் ஒன்று கேட்கிறேன். மார்கழி நடு ராத்திரி என்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து போயிருக்குமே? எங்கள் வீட்டில் மார்கழி, தையில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. ஷட்டர் திருகில் எப்படி ஊற்றினார்?

கடைமடை:

நியாயமான கேள்வி.

நாகை நிருபர்:

எனக்கு இது தோன்றவே இல்லை. பதினாறு வருஷம் நிருபராம்.

கோரையாற்றுப்பெண்:

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு கடையில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டில் நன்றாக நினைவிருக்கிறது. உறைந்திருந்ததா இல்லையா என்பது நினைவில் இல்லை. ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் விழித்தபோது வீட்டுக்குள்ளே கொல்லைப் பக்கம் மெல்லிய வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, சார்ஜர் லைட்டும் அணைந்துவிட்டது, பிறகு அது என்ன வெளிச்சம் என்று இத்தனை வருஷம் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல், அன்றைக்கு எண்ணெய் உறைந்திருந்ததா என்று மட்டும் கேட்டேன். இதுவரை அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கல்லாட்டம் ஒறைஞ்சு கெடந்துச்சு. அடுப்ப மூட்டி வெந்நிப் பானையில வச்சு உருக்கிக் குடுத்ததே நாந்தானே" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தாளு மூணு நாளா மாட்டேன்னுதான் சொன்னாவோ" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேட உள்ளே எழுந்து போனார். மாமா அம்மாவுக்குத் தம்பி என்பதை முதல் பதிவில் நான் எழுதவே இல்லை, இப்போதுதான் கவனித்தேன்.

எழுதிய பத்தியில் குற்ற உணர்வு வரியை எடுத்துவிட்டேன். வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெல்லுக்கு முன்னாலா, பின்னாலா? கடையில் ஆள் நிற்கிறார்கள், ராத்திரி வந்து பார்க்கிறேன்.